640 கேபி இருந்தும் "அவுட் ஆஃப் மெமரி" ஏன்?

வரிஎண்10:
டாஸ்பாக்ஸில் (பழைய டாஸ் நிரல்களை ஓட்டும் மென்பொருள்) ஜிடபிள்யூ-பேசிக் 3.23 என்ற பழைய பேசிக் மொழியை ஓட்டுகிறேன். நில உயரங்களை வைத்து வரைபடம் போடும் சின்ன நிரல், இருபது வரிதான். அரேக்கு (எண்களின் அட்டவணைக்கு) இடம் ஒதுக்கும் டிம் ஏ(100,200) வந்ததுமே "அவுட் ஆஃப் மெமரி" என்று நின்றுவிடுகிறது. டாஸ் பக்கம் 640 கேபி இருக்கிறது, பேசிக் திறந்தால் 60300 பைட்தான் காலி என்கிறது. மீதி எங்கே?

நினைவகப்பித்தன்:
மீதியில் பெரும்பகுதி சும்மாதான் கிடக்கிறது, பேசிக்கின் கைக்கு எட்டவில்லை. பழைய பிசியின் பிராசஸரான 8088இல் முகவரி இரண்டு துண்டு: செக்மென்ட் (நினைவகப் பகுதி எங்கே தொடங்குகிறது), ஆஃப்செட் (அங்கிருந்து எவ்வளவு தூரம்). செக்மென்ட்டை 16ஆல் பெருக்கி ஆஃப்செட்டைக் கூட்டினால் 1 எம்பி வரை போகலாம். ஆனால் ஆஃப்செட் 16 பிட்தான், அதனால் ஒரு செக்மென்ட்டுக்குள் 65,536 பைட்டுக்கு மேல் எட்டாது. உங்கள் நிரல், மாறிகள், ஸ்ட்ரிங்குகள் (எழுத்துத் தொடர்கள்), ஸ்டாக் (தற்காலிகக் குறிப்பிடம்) எல்லாவற்றையும் ஜிடபிள்யூ-பேசிக் ஒரே செக்மென்ட்டில் வைக்கிறது. தன் வேலைக்கு எடுத்துக்கொண்டது போக மிச்சம்தான் அந்த 60300.

இப்போது உங்கள் அரேயைப் பாருங்கள். எண் 0இல் தொடங்குவதால் 101 × 201, அதாவது 20,301 இடங்கள். வகை சொல்லாவிட்டால் இடத்துக்கு 4 பைட். மொத்தம் 81,204. எப்படி அடங்கும்? உயரம் முழு எண்தானே, ஏ%(100,200) என்று மாற்றுங்கள். 2 பைட் வீதம் 40,602தான். மதிப்பு 32,767ஐத் தாண்டினால் மட்டும் "ஓவர்ஃப்ளோ" வரும்.

பழையவிசை:
ஏ வேறு, ஏ% வேறு என்பதால் எல்லா வரியிலும் திருத்த வேண்டியிருக்கும். அதைவிட முதல் வரியில், எல்லா மாறிகளையும் முழு எண் வகையாக்கும் டெஃப்இன்ட் ஏ-இசட் போட்டுவிடுங்கள், ஃபார் லூப்பும் வேகமாகும். கொமடோர் 64 என்ற பழைய வீட்டுக் கணினியிலும் இதே சங்கதிதான்: 64 கேபி இயந்திரம், பேசிக்குக்கு 38911 பைட். பேசிக் ரோமும் கெர்னலும் (கணினியின் அடிப்படை இயக்க நிரல்) உட்கார்ந்திருக்கும் முகவரிகளை அது தொட முடியாது.

வரிஎண்10:
டெஃப்இன்ட் போட்டதும் ஓடிவிட்டது, நன்றி! இதே அளவில் சரிவுக்கும் ஓர் அரே வேண்டுமே?

நினைவகப்பித்தன்:
இரண்டும் சேர்ந்து 81,204 ஆகிவிடும், அடங்காது. சரிவு 0 முதல் 255க்குள் நின்றால் டெஃப் செக் (செக்மென்ட்டை மாற்றும் கட்டளை) கொடுத்து, காலியாக உள்ள வேறொரு செக்மென்ட்டில் போக் (முகவரியில் நேரடியாக எழுதும் கட்டளை) செய்யலாம். இடத்துக்கு 1 பைட், 20,301இல் முடிந்துவிடும். ஆனால் போக் எதையும் சரிபார்க்காது. முகவரி தப்பினால் டாஸையே அழித்துவிடலாம். நானாக இருந்தால் சரிவைச் சேமிக்கவே மாட்டேன். பக்கத்துக் கட்டங்களைக் கழித்து, வரையும்போதே கணக்கிட்டுவிடுவேன்.