டிவி செஃப் சொன்னபடி செய்து பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

காரைக்குடி மருமகள்

போன தீபாவளி அதிரசம் இன்னும் மனசை விட்டுப் போகவில்லை, அதனால்தான் ஆரம்பிக்கிறேன். செஃப் பெயர் வேண்டாம். எல்லோருக்கும் தெரிந்தவர். பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, கையில் ஈரம் தட்டும்போதே இடித்துச் சலிப்பது வரை அருமையாகச் சொன்னார். வெல்லம் கரைந்து நுரைத்து வந்தது. "பாகு கம்பிப் பதம் வந்ததும் மாவைக் கொட்டிக் கிளறுங்க" என்றார். உடனே விளம்பரம். திரும்பி வந்தால் மாவு கிளறி முடித்து, பளபளவென்று பாத்திரத்தில் இருக்கிறது.

அவர் சொன்னதை எழுதி வைத்து அப்படியே செய்தேன். மாவை ஒரு நாள் மூடியும் வைத்தேன். எண்ணெயில் போட்ட முதல் அதிரசம் ஓரத்திலிருந்து பிரிய ஆரம்பித்தது. நான் ஜல்லிக்கரண்டியை எடுப்பதற்குள் சட்டி முழுக்கத் துகள் துகளாகப் பரவி, எண்ணெய் நுரைத்துப் பொங்கிவிட்டது. அயித்தை எட்டிப் பார்த்தார்கள், ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த பாகை அவர்களே காய்ச்சினார்கள். ஒரு கிண்ணத்தில் பச்சைத் தண்ணீர், அதில் ஒரு சொட்டுப் பாகு. விரலால் கூட்டினால் மெத்தென்று உருண்டையாகத் திரள வேண்டும். கரைந்து ஓடினால் இன்னும் காய வேண்டும். தட்டில் போட்டு டங்கென்று கேட்டால் அது பொரிவிளங்காய்க்குச் சரி, அதிரசத்துக்கு முற்றிப்போச்சு.

சொல்ல அரை நிமிடம் ஆகுமா? அந்தப் பலகாரத்தின் உயிரே அந்த அரை நிமிடத்தில்தான் இருக்கிறது. அதைப் போய் வெட்டுவார்களா?

மேலமாசி வீதி

எனக்கு வெங்காயம். பிரியாணிக்கு, ஒரு கிலோ கறிக்கு அரைக் கிலோ வெங்காயம் நீளவாக்கில் அரிந்து போட்டு, "2 நிமிஷம் வதக்கினா பொன்னிறமா வந்துடும்" என்றார் அந்த செஃப். மச்சான் குடும்பத்தோடு வந்து உட்கார்ந்திருக்கிறார். இங்கே கால் மணி நேரம் ஆகியும் வெங்காயம் தண்ணீர் விட்டு வெந்துகொண்டிருக்கிறதே தவிர, நிறம் ஏறவில்லை. வீட்டுக்காரி வந்து பார்த்துவிட்டு, பாதியை வேறு சட்டியில் மாற்றிய பிறகுதான் சிவந்தது.

ஓட்டல் மாஸ்டராக இருக்கும் என் சிநேகிதனிடம் கேட்டேன். "டேய், அவங்க அடுப்பு வேற, உன் அடுப்பு வேற" என்றான். அங்கே 19 கிலோ சிலிண்டர், ஹை பிரஷர் ரெகுலேட்டர், பெரிய பர்னர். நம் வீட்டில் 14.2 கிலோ சிலிண்டர், அழுத்தம் குறைந்த ரெகுலேட்டர், சின்ன பர்னர். அவ்வளவு வெங்காயத்தை ஒரே சட்டியில் கொட்டினால் சூடு இறங்கிப்போய்த் தண்ணீர்தான் விடும். ஃப்ரைடு ரைஸ் வீட்டில் சொதசொதவென்று வருவதும் இதனால்தானாம். டிவியில் ஒருத்தராவது "வீட்டு அடுப்பில் இரண்டு தடவையாகப் போடுங்கள்" என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

அதே நிகழ்ச்சியில் அரிசி எதுவானாலும் ஒன்றுக்கு இரண்டு தண்ணீர் என்றும் சொன்னார். நான் போட்டது சீரகச் சம்பா. அது என்ன ஆனது என்று இங்கே சொல்லத் தேவையில்லை.

பீளமேடு அக்கா

நான் கேமராவுக்கு அந்தப் பக்கத்தில் நின்று பார்த்தவள். ஒரு சமையல் போட்டியில் தேர்வாகி சென்னையில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போயிருந்தேன். என் முறைக்கு முன்னால் ஒரு செஃப் எண்ணெய்க் கத்திரிக்காய்க் குழம்பு செய்து காட்டினார்.

மேஜைக்குப் பின்னால் ஒரே மாதிரி சட்டிகள். ஒன்றில் தாளிப்பு மட்டும், ஒன்றில் பாதி வெந்தது, ஒன்றில் எண்ணெய் பிரிந்து தயாராக நிற்பது. காலையிலிருந்து இத்தனையும் செய்து வைத்தது ஒரு பையன், இருபது வயதுகூட இருக்காது. கை முழுக்க மஞ்சள் கறை. மசாலா வறுத்தது, அரைத்தது, கத்திரிக்காயை நான்காகக் கீறி அடைத்தது எல்லாம் அவன்தான். செஃப் வந்து நின்று சட்டியைப் பார்த்தார், பக்கத்தில் குனிந்து, "தம்பி, இதுல உப்பு போட்டுட்டியா?" என்று மெதுவாகக் கேட்டார். அவன் தலையாட்டினான். அவர் நிமிர்ந்து கேமராவைப் பார்த்து, "உப்பு தேவையான அளவு சேர்த்துக்குங்க" என்றார்.

அன்றிலிருந்து டிவியில் யார் "தேவையான அளவு" என்று சொன்னாலும் அந்தப் பையன் தலையாட்டியதுதான் ஞாபகம் வருகிறது. அளவு அவனுக்குத்தான் தெரியும். அவன் பெயர் நிகழ்ச்சி முடிவில்கூட வரவில்லை. எனக்கு அது இன்றைக்கும் ஆறவில்லை.

பிலாய் பாட்டி

எல்லோரும் ஒரே பக்கமாகப் பேசுகிறீர்கள், அதனால் எழுதுகிறேன். எனக்குச் சமையல் சொல்லித் தர யாருமில்லை. கல்யாணத்துக்கு முன்பே அம்மா போய்விட்டார். மாமியாரும் கிடையாது. கணவருக்கு பிலாய் இரும்பாலையில் வேலை. அப்போது இந்தி எனக்கு ஒரு வார்த்தை தெரியாது.

1993-ல் ஜீ டிவியில் சஞ்சீவ் கபூரின் கானா கஜானா ஆரம்பித்தது. அவர் பேசுவது புரியாது, கையை மட்டும் பார்ப்பேன். ஒரு நாள் பனீர் குழம்பு ஏதோ செய்தார். கடைசியில் காய்ந்த இலை கொஞ்சம் எடுத்து, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்து, தூளாகத் தூவினார். அது என்ன இலை என்று தெரியவில்லை. பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாளிடம் போய் அதே மாதிரி கையைத் தேய்த்துக் காட்டினேன். உள்ளே போய் ஒரு டப்பாவைக் கொண்டு வந்து திறந்தார், கசூரி மேத்தி, காயவைத்த வெந்தயக் கீரை. அந்த வாசனையோடுதான் எங்கள் பழக்கமே ஆரம்பித்தது. அவரிடம்தான் பிறகு இந்தியும் கற்றுக்கொண்டேன்.

தமிழ் டிவியிலும் அப்படி நம்பிச் செய்யலாம் என்று சிலர் இருந்தார்கள். மல்லிகா பத்ரிநாத் ஸ்பூன் கணக்கில் சொல்வார். ரேவதி சண்முகம், கவிஞர் கண்ணதாசனின் மகள், பக்கத்தில் உட்கார்ந்து சொல்வது மாதிரி நிதானமாகச் சொல்வார். செட்டிநாட்டுச் சமையல் எனக்கு வந்ததே அவரால்தான். காரைக்குடி மருமகளே, உனக்குப் பாகு பார்த்துக் கொடுக்க அயித்தை இருந்தார்கள் அம்மா. இல்லாதவர்களுக்கு டிவிதான் அயித்தை.

ஸ்கார்பரோ தமிழ்ச்சி

பாட்டி சொல்வது சரி, ஆனால் எனக்கு நடந்ததைக் கேளுங்கோ. அப்பாவுக்கு ஊர் ஞாபகம் வரட்டும் என்று தமிழ்நாட்டுச் சேனல் ஒன்றைப் போட்டுவிட்டிருந்தேன். "இன்றைக்கு யாழ்ப்பாணத்துக் கூழ்" என்றதும் அவர் கதிரையை இழுத்துப் போட்டு முன்னால் வந்து இருந்தார்.

கூழுக்கு ஒடியல் மா வேணும். பனங்கிழங்கை அவிக்காமல் காயவிட்டு இடித்த மா. அதைத் தண்ணீரில் ஊறவிட்டு, மேல் தண்ணீரை வடித்து வடித்து ஊற்றினால்தான் கசப்புப் போகும். பிறகு நண்டு, இறால், மீன், பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, செத்தல் மிளகாயும் மஞ்சளும் அரைத்த கூட்டு, பழப்புளி, கடைசியில் முருங்கை இலை. அந்த செஃப் சோள மாவைக் கரைத்து ஊற்றினார். கெட்டியாக வந்ததும் மேலே கிரீம் விட்டு, கொத்தமல்லித் தழை தூவினார். அப்பா எழும்பிப் போய் டிவியை நிப்பாட்டினார். அன்றைக்கு இரவு அவர் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

ஒடியல் மா கிடைக்கவில்லை என்றால் "கிடைக்கவில்லை, வேறொன்று செய்கிறேன்" என்று சொல்லலாமே. நாங்கள் ஒன்றும் கோபித்திருக்க மாட்டோம். கடற்கரையில் பெரிய சட்டியில் வைத்து, ஊரே சுற்றி இருந்து பிலாவிலையில் குடித்த சாப்பாடு அது. அதன் பெயரை வேறொன்றுக்கு வைத்தால் எங்கட பிள்ளைகள் அதைத்தான் கூழ் என்று நினைப்பினம்.

திருப்பூர் தம்பி

நான் குக் வித் கோமாளி பார்த்து அடுப்படிக்குள் வந்தவன். 2019-ல் விஜய் டிவியில் ஆரம்பித்தபோது செஃப் தாமுவும் வெங்கடேஷ் பட்டும் நடுவர்கள். அவர்கள் ருசி பார்த்துவிட்டுச் சொல்லும் குறையைக் கேட்டுக் கேட்டுத்தான் சமையலில் இவ்வளவு விஷயம் இருக்கிறது என்று தெரிந்தது. முழுச் செய்முறை அதில் கிடைக்காது, அது வேறு விஷயம்.

நான் சொல்ல வந்தது வேறு. சொந்தக்காரர் கல்யாணத்துக்கு ஒரு டிவி செஃப் விருந்தாளியாக வந்திருந்தார். எல்லோரும் செல்ஃபி எடுத்தார்கள். நான் போய், "சார், நான் வைக்கிற குருமா திரிஞ்சு திரிஞ்சு போகுது" என்றேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு, "எத்தனை பேருக்கு வைக்கிற? தேங்காயை எப்போ ஊத்துற? தயிர் போடுறியா? அப்போ தீ எப்படி இருக்கு?" என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்ன பிறகு, "தயிரை நல்லா கடைஞ்சு, சட்டியை இறக்கி வச்சு ஊத்து. தேங்காய் ஊத்தின அப்புறம் தளதளன்னு கொதிக்க விடாதே" என்றார். இப்போது எங்கள் அறையில் குருமா என் பொறுப்பு. அவரும் டிவியில் "தேங்காய் விழுதைச் சேர்க்கவும்" என்று ஒரே வரியில் போகிறவர்தான். நேரில் அவர் திருப்பிக் கேட்ட கேள்விகளில்தான் எனக்கு விடை இருந்தது.

குரோம்பேட்டை மாமா

நானும் ஒரு செஃப் சொன்ன மைசூர் பாகு செய்து, பாறையாக வந்து தூக்கிப் போட்டேன். அது கிடக்கட்டும், எல்லோரும் அளவை விட்டுவிட்டு வேறு எதையோ பேசுகிறீர்கள்.

முதலில் கப். ஒரு செஃப் கையில் இருப்பது 200 மில்லி, இன்னொருவரிடம் 240, வேறொருவரிடம் 250. எந்தக் கப் என்று யாரும் சொல்வதில்லை. நம் ஆழாக்கு 168 மில்லி, 8 ஆழாக்கு ஒரு படி. பாட்டி காலத்துச் செய்முறை பிசகாமல் வந்ததற்கு வீட்டுக்கு வீடு அதே ஆழாக்கு இருந்ததும் ஒரு காரணம். கடலைமாவைத் தளர அள்ளினால் ஒரு எடை, அழுத்தி அள்ளினால் வேறு எடை. அதனால் ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வாங்குங்கள், ஒரு புடவை விலை ஆகாது. கல்லுப்பும் தூளுப்பும் ஒரே ஸ்பூனில் ஒரே உப்பு ஆகாது, அதையும் எடை போடுங்கள்.

மேலமாசி வீதிக்கு: பாஸ்மதிக்கும் சீரகச் சம்பாவுக்கும் ஒரே தண்ணீர் கிடையாது. சம்பாவை 20 நிமிடம் ஊறவைத்து வடித்துவிட்டால் ஒன்றுக்கு ஒன்றரை போதும். புது அரிசியானால் அதிலும் கொஞ்சம் குறைக்கணும். தக்காளி விடும் தண்ணீர், தயிர், கறி விடும் தண்ணீர் எல்லாம் அந்த ஒன்றரைக்குள் அடக்கம். கறி வெந்ததும் மசாலாத் தண்ணீரைத் தனியே அளந்து, குறைகிறதற்கு மட்டும் வெந்நீர் ஊற்றுங்கள்.

காரைக்குடி மருமகளுக்கு: சர்க்கரைப் பாகுக்கென்றே தெர்மாமீட்டர் விற்கிறது. கம்பிப் பதம் 105 டிகிரி செல்சியஸுக்குப் பக்கத்தில் வரும். உங்கள் அயித்தை விரலால் பார்த்த அந்த மெத்தென்ற உருண்டை 112-லிருந்து 116 வரை. இரண்டுக்கும் நடுவில் பத்து டிகிரிகூட இல்லை, ஆனால் அதற்குள்தான் அதிரசம் பிரிவதும் நிற்பதும். ஒரு தடவை வாங்கிவிட்டால் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

காரைக்குடி மருமகள்

மாமா, தெர்மாமீட்டர் சீனிக்குச் சரி. எங்கள் ஊர்ப் பக்கம் வருகிற வெல்லம் ஒரு மாசம் போல இன்னொரு மாசம் இருப்பதில்லை. ஒன்று ஈரம் அதிகம், ஒன்று மண் அதிகம், ஒன்று உப்புக் கரிக்கிறது. தண்ணீர்க் கிண்ணத்தைத்தான் நான் நம்புவேன். யாரையும் கேட்க வேண்டியதில்லை என்கிறீர்களே, அயித்தையைக் கேட்பதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை.

பிலாய் அம்மா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அயித்தைக்கும் வாசித்துக் காட்டினேன். அடுத்த தடவை பாகு காய்ச்சும்போது கிண்ணத்தில் விடுவதைப் போனில் படம் பிடித்துப் போடச் சொன்னார்கள். வெட்டாமல் முழுசாகப் போடுகிறேன்.

மேலமாசி வீதி

மாமா, ஒன்றரைக்குள் தயிரும் தக்காளியும் அடக்கம் என்றீர்கள், புரிந்தது. எங்கள் வீட்டில் கடைசியில் கொஞ்சம் தேங்காய்ப்பாலும் ஊற்றுவோம். அதையும் அதே கணக்கில் சேர்க்கணுமா? சட்டியும் அடி கனத்த பழைய அலுமினியத் தேக்சா, குக்கர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மச்சான் மறுபடி வருகிறார், அதற்குள் சொல்லிவிடுங்கள்.