நியூகாசில் லைட் ரயில்: 2.7 கி.மீ.யோடு நின்றுபோன லைன், இனி எங்கே? (இணைய மன்ற விவாதம்; ஒவ்வொரு பதிவின் மேலும் எழுதியவரின் புனைபெயர்)

ஹண்டர்கரை
இங்கிலாந்து நியூகாசில் அல்ல, ஆஸ்திரேலியாவில் சிட்னிக்கு வடக்கே இருப்பது. 2014 கிறிஸ்துமஸோடு ஊருக்குள் ஓடிய ரயிலை நிறுத்தி, முதலில் ஹாமில்டனிலும், 2017 முதல் ஊர் மையத்துக்கு வெளியே விக்கத்திலும் முடித்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக 2019 பிப்ரவரியில் வந்ததுதான் லைட் ரயில் எனப்படும் இந்த டிராம். இன்டர்சேஞ்ச் (ரயிலிலிருந்து டிராமுக்கு மாறும் இடம்), ஹனிசக்கிள், சிவிக், கிரவுன் ஸ்ட்ரீட், குயின்ஸ் வார்ஃப், நியூகாசில் பீச் என ஆறே நிறுத்தம், சுமார் 12 நிமிடப் பயணம். "இதுக்கு நடந்தே போயிடலாமே" என்பவர்கள் பெட்டி படுக்கையோடு வருபவரையும் சக்கர நாற்காலியில் வருபவரையும் கேட்டுப் பார்க்கட்டும். பிளாட்பாரமும் வண்டித் தரையும் ஒரே மட்டம், ஏறப் படியே இல்லை.

புதிதாக வருகிறவர்கள் தவறுவது பயணக் கட்டணம் செலுத்தும் ஓபல் கார்டில்தான். ரயில் நிலையத்தில் டேப் ஆஃப் செய்துவிட்டு (பயணம் முடிந்ததாகக் கார்டைக் கருவியில் தொட்டுவிட்டு), டிராம் பிளாட்பாரத்துக் கம்பத்தில் மறுபடி டேப் ஆன் செய்ய வேண்டும், வண்டிக்குள் தேடாதீர்கள். 60 நிமிடத்துக்குள் மாறினால் பெரியவர்களுக்கு 2 டாலர் தள்ளுபடி உண்டு. இறங்கும்போது டேப் ஆஃப் மறந்தால் அதிகபட்சக் கட்டணம் பிடித்துவிடும்.

மின்னோட்டம்
நிறுத்தத்தில் நிற்கும்போது கூரையைப் பாருங்கள். மடங்கிக் கிடக்கும் பென்டோகிராஃப் (மின்சாரம் வாங்கும் கை) எழுந்து மேலே இருக்கும் சார்ஜிங் கம்பியைத் தொடும், கிளம்பும் முன் தாழ்ந்துவிடும். இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவே தெருவில் கம்பியே கிடையாது. வண்டியில் இருக்கும் சூப்பர் கெபாசிட்டர் (மின்சாரத்தைத் தேக்கும் சாதனம்) கண் மூடித் திறப்பதற்குள் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும், பிரேக் போடும்போது வரும் மின்சாரத்தையும் வாங்கிக்கொள்ளும். ஆனால் அதிகம் தேக்கி வைக்காது. இங்கே நிறுத்தங்களுக்கு இடையே சராசரி 540 மீட்டர்தான், அதனால் சமாளிக்கிறது. வழியில் சிக்னலில் மாட்டிக்கொண்டாலும் ஏசி சும்மா இருக்காது, இருப்பைத் தின்றுகொண்டே இருக்கும். ஆகவே லைனை நீட்டுவது என்றாலே முதல் கேள்வி: எத்தனை மீட்டருக்கு ஒரு சார்ஜிங்?

சைக்கிள்காரன்
டிராம் ஓடும் ஹண்டர் ஸ்ட்ரீட்டில் தண்டவாளப் பள்ளத்தில் சைக்கிள் டயர் இறங்கினால் ஹேண்டில் திரும்பவே திரும்பாது. நேர்குறுக்காக, 90 டிகிரிக்கு முடிந்தவரை நெருக்கமாகக் கடக்கவும். மழையில் இரும்பு வழுக்கும், தண்டவாளத்தின் மேல் பிரேக்கைத் தொடாதீர்கள்.

அட்டவணை
லைனை மேற்கே இருக்கும் பிராட்மெடோ பகுதி வரை நீட்டுவது பற்றி எல்லாரும் தண்டவாளச் செலவையே பேசுகிறார்கள், வண்டிக் கணக்கை யாரும் போடுவதில்லை. இப்போது இருப்பது ஸ்பெயினின் சிஏஎஃப் கம்பெனி டிராம் ஆறு. போக 12, வர 12, முனைகளில் திரும்ப மூன்று மூன்று, ஆக ஒரு சுற்று 30 நிமிடம். ஏழரை நிமிடத்துக்கு ஒன்று விட நான்கு வேண்டும், மிச்சம் இரண்டு பராமரிப்புக்கும் பழுதுக்கும். டியூடர் ஸ்ட்ரீட் வழியாக இன்னும் 3 கி.மீ. சேர்த்தால், இதே வேகத்தில் சுற்று ஒரு மணி நேரத்தைத் தொடும். அப்போது ஓடவே எட்டு வண்டி வேண்டும். புது வண்டி வாங்காமல் நீட்டினால் கால் மணிக்கு ஒன்றுதான் ஓடும். அதற்கு பஸ்ஸே மேல்.

ஹண்டர்கரை
பிராட்மெடோவுக்குத்தான் ரயில் இருக்கிறதே என்று கேட்பார்கள். இருக்கிறது, நடுவில் ஹாமில்டனில் மட்டும் நிற்கும். டியூடர் ஸ்ட்ரீட் கடைகளுக்கு அது உதவாது. பிராட்மெடோ ஸ்டேடியமும் ரயில் ஸ்டேஷனிலிருந்து நெடுநேரம் நடக்க வேண்டிய தூரம்.

மின்னோட்டம்
ஜான் ஹண்டர் மருத்துவமனை வரை வேண்டும் என்கிற கோரிக்கை நியாயமானது. ஆனால் அது மேட்டில் இருக்கிறது. ஏற்றத்தில் கெபாசிட்டர் சீக்கிரம் காலியாகும், அந்த இடத்தில் மட்டுமாவது மேலே கம்பி கட்டியாக வேண்டும். கம்பியிலும் கம்பியில்லாமலும் ஓடும் டிராம் புதுமை ஒன்றும் இல்லை. முதலில் பிராட்மெடோ, அங்கிருந்து மருத்துவமனைக்கு அடிக்கடி பஸ், அதன் பிறகு மேடு.