எந்த சிப்பியோ எந்த ஆளு? ஒரே பேரா இருக்கு

கேள்வி:
ரோம் வரலாறு படிச்சிட்டு இருக்கேன், தலை சுத்துது. கி.மு. 202ல ஸாமா போர்ல கார்த்தேஜ் தளபதி ஹன்னிபாலை ஜெயிச்சது பப்ளியஸ் கொர்னீலியஸ் சிப்பியோ. கி.மு. 146ல கார்த்தேஜ் நகரத்தையே தரைமட்டமாக்கினதும் பப்ளியஸ் கொர்னீலியஸ் சிப்பியோ. ரெண்டு இடத்துலயும் ஆஃப்ரிக்கானஸ்ங்கற பட்டம் வேற. நடுவுல 56 வருஷம் இருக்கு, ஒரே ஆளா இருக்க சான்ஸே இல்லயே? யாராச்சும் விளக்குங்க.

பதில் 1:
வேற வேற ஆளுங்க. ஸாமா சிப்பியோ கி.மு. 183 வாக்குலயே போய் சேர்ந்துட்டார். அவங்கப்பாவும் பப்ளியஸ்தான், 218ல கான்சல் (ரோமோட உச்சப் பதவி), 211ல ஸ்பெயின்ல நடந்த சண்டைல செத்தவர். ஸாமா சிப்பியோவோட மகனும் பப்ளியஸ், இந்த மகன்தான் எமிலியஸ் பவுல்லஸ் வீட்டுப் பையனை தத்து எடுக்கறார், தத்து போனா புது வீட்டுப் பேரு முழுசா வந்துரும், பொறந்த வீட்டுக்கு அடையாளமா எமிலியானஸ்னு கடைசில ஒட்டிக்கும். 146 ஆளு இந்த தத்துப் பையன்தான்.

பதில் 2:
மேல சொன்னது கரெக்ட். ரோமானியர்கள்கிட்ட புழக்கத்துல இருந்த முதல் பேரே ரொம்ப கம்மி, அதுலயும் மூத்த பையனுக்கு பெரும்பாலும் அப்பா பேருதான். கிளாடியஸ் குடும்பத்துல லூசியஸ்னு பேரு வெச்ச ரெண்டு பேர்ல ஒருத்தன் கொள்ளைலயும் இன்னொருத்தன் கொலைலயும் மாட்டினதால அந்தப் பேரையே ஒதுக்கிட்டாங்கன்னு ரோம எழுத்தாளர் சூட்டோனியஸ் எழுதியிருக்கார், இருக்கற கொஞ்சத்துல அதுவும் போச்சு 😄
கான்சல் பட்டியல்ல பேரோட சேர்த்து அப்பா, தாத்தா பேரும் போடுவாங்க, அதைப் பாருங்க. ஸாமா சிப்பியோ "பப்ளியஸ் மகன், லூசியஸ் பேரன்". எமிலியானஸ் "பப்ளியஸ் மகன், பப்ளியஸ் பேரன்", தத்து வீட்டுக் கணக்குல. தாத்தா பேரு வரைக்கும் போனாதான் ரெண்டு பேரும் பிரியறாங்க.

பதில் 3:
பொண்ணுங்க நிலைமை இன்னும் மோசம். ஸாமா சிப்பியோவுக்கு ரெண்டு பொண்ணு, ரெண்டு பேருமே கொர்னீலியா. ஒருத்தி பையன் டைபீரியஸ் கிராக்கஸ், நிலச் சட்டம் கொண்டு வந்தாரே அவர்தான், அப்பாவோட முழுப்பேரு அப்படியே. 133ல அவரை அடிச்சே கொன்ன கும்பலுக்கு தலைமை தாங்கினது இன்னொரு கொர்னீலியாவோட பையன்.

கேள்வி கேட்டவர்:
சூப்பர், நன்றி. அந்த இன்னொரு பையன் பேரு என்ன?

பதில் 3:
பப்ளியஸ் கொர்னீலியஸ் சிப்பியோ 😂 நாசிகா செராப்பியோன்னு தேடுங்க, நாசிகான்னு மட்டும் தேடினா அவங்கப்பாவும் சேர்ந்து வருவார்.