அல்பேனியாவின் ஸோகு ஏன் இத்தாலியிடம் கடன் வாங்கினார்?

வரைபடப்பித்தன்:
இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட அல்பேனியாவைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒன்று மட்டும் பிடிபடவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் முசோலினி உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்தும் அல்பேனியாவின் ஆட்சியாளர் (பின்னாளில் மன்னர்) அஹ்மத் ஸோகு ஏன் 1925-லேயே அங்கே போய்க் கடனுக்கு நின்றார்? ஆழம் தெரியாமல் காலை விட்டாரா?

பழங்கணக்கு:
தெரிந்துதான் விட்டார், இறங்க வேறு துறை இல்லை. அல்பேனியா முதலில் சர்வதேச சங்கத்திடம்தான் (ஐ.நா.வுக்கு முன்னோடி) பணம் கேட்டது. அங்கிருந்து ஆலோசகர் வந்தார், பணம் வரவில்லை. அப்புறம், 1924 டிசம்பரில் ஸோகு ஆட்சியைப் பிடித்ததே யூகோஸ்லாவியாவின் தயவில். அந்தப் பிடியிலிருந்து நழுவ அவருக்கு இன்னொரு கை தேவைப்பட்டது.

கடனின் லட்சணத்தைப் பாருங்கள். 5 கோடி தங்க பிராங்க், கொடுத்தது இத்தாலிய மூலதனத்தில் இதற்கென்றே தொடங்கிய கம்பெனி. ஈடு, நாட்டின் சுங்க வருமானம். அந்தப் பணத்தில் சாலை போட்டார்கள், பாலம் கட்டினார்கள், துரஸ் துறைமுகத்தைச் சீரமைத்தார்கள். வேலை எடுத்தவர்களில் பெரும்பாலோர் இத்தாலிய ஒப்பந்தக்காரர்கள், அதாவது வந்த பணம் வந்த வழியே திரும்பிப் போனது. அல்பேனிய தேசிய வங்கியின் தலைமையகமே ரோமில்தான் இருந்தது! வீட்டுப் பெட்டிச் சாவியை அடுத்த வீட்டுக்காரர் இடுப்பில் சொருகிவிட்ட கதை. 1926-ல் இத்தாலியோடு திரானா உடன்படிக்கை, 1927-ல் இருபது வருடத்துக்கு ராணுவக் கூட்டணி.

குறுக்குக்கேள்வி:
அப்படியென்றால் வெறும் கைப்பாவைதானே? இதில் அலச என்ன இருக்கிறது?

பழங்கணக்கு:
கைப்பாவை இத்தனை முரண்டு பிடிக்குமா? 1926 உடன்படிக்கை ஐந்து வருடத்துக்குத்தான். 1931-ல் அதைப் புதுப்பிக்க மாட்டேன் என்றார். அதே வருடம் 10 கோடி பிராங்க் வட்டியில்லாக் கடனுக்கும் கையெழுத்து வாங்கினார், வருடத்துக்கு ஒரு கோடி வீதம். ஆள் சாமர்த்தியசாலிதான். இரு நாட்டையும் ஒரே சுங்க எல்லைக்குள் கொண்டுவரும் சுங்க ஒன்றியம் வேண்டும் என்று இத்தாலி கேட்டது, மறுத்தார். பணம் நின்றது. 1933-ல் தனியார் பள்ளிகளை அரசுடைமையாக்கினார், இத்தாலியர் நடத்தியவையும் அதில் போயின. 1934 ஜூனில் சொல்லாமல் கொள்ளாமல் இத்தாலியப் போர்க்கப்பல்கள் துரஸுக்கு எதிரே வந்து நின்றன. அப்போதும் மசியவில்லை. ஆனால் கஜானா காலியாக இருக்கும்போது எத்தனை நாள் வீம்பு பிடிப்பது? 1936-ல் திரும்பவும் ரோமோடு ஒப்பந்தம்.

வரைபடப்பித்தன்:
சரி, புரிகிறது. 1938-ல் ஸோகு கல்யாணத்துக்கு முசோலினியின் மருமகன் சியானோ வந்திருந்தாரே, அது?

பழங்கணக்கு:
ஏப்ரல் 27. வெறுமனே வரவில்லை, மாப்பிள்ளைத் தோழனாகச் சாட்சிக்கு நின்றார். வெளியுறவு அமைச்சரும் அவர்தான். ஒரு வருடம்கூட முழுதாக ஆகவில்லை, 1939 ஏப்ரல் 7, புனித வெள்ளியன்று விடியற்காலையில் இத்தாலியப் படை வந்து இறங்கியது. ராணிக்குக் குழந்தை பிறந்து இரண்டே நாள். கைக்குழந்தையோடு கிரேக்க எல்லைக்கு ஓடினார்கள்.

குறுக்குக்கேள்வி:
படை எங்கே இறங்கியது?

பழங்கணக்கு:
நாலு இடத்தில். முக்கியமானது துரஸ். கடன் வாங்கிச் சீரமைத்த அதே துறைமுகம்தான்.