5 வருடம் சிஓஇ நீட்டித்த வியோஸ்: ஸ்டீரியோவை எதில் தொடங்கி மாற்றுவது?

யீஷூன்_ரவி:

வணக்கம். என்னுடையது 2014 டொயோட்டா வியோஸ். 2024இல் சிஓஇயை, அதாவது வண்டி வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழை, 5 வருடத்துக்குப் புதுப்பித்தேன். ஆக, 2029இல் வண்டியை விட்டே ஆக வேண்டும், மறுபடி நீட்டிக்க முடியாது.

சிங்கப்பூரில் வீடு யீஷூன், வேலை துவாஸில். எஸ்எல்ஈ, கேஜேஈ, பிஐஈ என்று விரைவுச்சாலைகளில் தினமும் நீண்ட ஓட்டம். காலையில் ஒலி 96.8 வானொலி, திரும்பும்போது கைப்பேசியில் கச்சேரி. அப்பா மிருதங்கம் வாசிப்பவர், அந்தச் சத்தத்திலேயே வளர்ந்தவன் நான். காரில் மிருதங்கத்தின் வலந்தலை (கூர்மையான சத்தம் தரும் வலப்பக்கம்) மட்டும் டக் டக் என்று கேட்கிறது, தொப்பி (அடிநாதம் தரும் இடப்பக்கம்) கேட்பதே இல்லை. வால்யூமைக் கூட்டினால் கதவு கடகடவென்று அதிர்கிறது.

கடையில் விசாரித்தேன். 10 அங்குல ஆண்ட்ராய்டு திரை, நான்கு ஸ்பீக்கர், பின்னால் சாமான் வைக்கும் பூட்டில் சப்வூஃபர் (அடிநாதத்துக்கான ஸ்பீக்கர்), எல்லாம் சேர்த்து 2,000 வெள்ளிக்கு மேல் சொன்னார்கள். என்னிடம் இருப்பது 800 வெள்ளி. எதை முதலில் மாற்றினால் வித்தியாசம் தெரியும்?

பொங்கோல்_மீனா:

நான் சீட்டுக்கு அடியில் வைக்கும் சின்ன சப்வூஃபர் போட்டேன். பிள்ளையின் தள்ளுவண்டிக்கு பூட் வேண்டும் என்பதால் பெரிய பெட்டி வைக்க இடமில்லை. டயர் இரைச்சலில் அமுங்கிப்போன அடிநாதம் திரும்பி வந்தது. ஆனால் கதவு அதிர்வு அதனால் போகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

உபி_செல்வம்:

தம்பி ரவி, கார் ஸ்டீரியோ மாட்டுவதுதான் என் தொழில். அப்பா மிருதங்கக்காரர் என்று சொன்னது நல்லதாய்ப் போயிற்று, சரியாக வந்திருக்கிறதா என்று சொல்ல வீட்டிலேயே ஒரு காது இருக்கிறது.

முதல் காசைக் கதவில் போடுங்கள். கதவின் உள் அட்டையைக் கழற்றினால் தகட்டில் கை நுழையும் அளவுக்குத் துளைகள் இருக்கும், அவற்றை மூட ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள்தான். ஸ்பீக்கரின் கோன், அதாவது அதிரும் கூம்பு, முன்னால் காற்றைத் தள்ளும் அதே நேரத்தில் பின்னால் காற்றை இழுக்கிறது. இந்த இரண்டும் துளை வழியாகச் சந்தித்தால் தாழ்ந்த சத்தங்கள் ஒன்றையொன்று தின்றுவிடும். உங்கள் தொப்பி போன இடம் இதுதான். எத்தனை வெள்ளிக்கு ஸ்பீக்கர் வாங்கினாலும் அந்தத் துளை திறந்திருந்தால் பலன் இல்லை.

வெளித்தகட்டின் உள்பக்கம் பியூட்டைல் ஷீட் (அதிர்வை அடக்கும் ரப்பர் மாதிரியான ஒட்டுத்தாள்) ஒட்டி, ரோலரால் அழுத்தித் தேய்க்க வேண்டும். பெரிய துளைகளுக்கு மெல்லிய அலுமினியத் தகடு வைத்து அதன்மேல் ஷீட். கதவுப் பூட்டுக்குப் போகும் கம்பி தகட்டில் படுகிற இடத்தில் கொஞ்சம் ஸ்பாஞ்சு. கதவின் அடியில் மழைத்தண்ணீர் வடியும் ஓட்டைகளை மட்டும் எக்காரணம் கொண்டும் மூடக்கூடாது, நம் ஊர் மழைக்குக் கதவு உள்ளிருந்து துருப்பிடித்துவிடும். விலை குறைவு என்று தார் ஷீட்டைக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். திறந்த கார்பார்க்கில் மத்தியான வெயிலுக்கு அது இளகும், வண்டிக்குள் நாற்றமும் வரும்.

அடுத்தது முன் ஸ்பீக்கர். டுவீட்டர் (கூர்மையான சத்தத்துக்கான குட்டி ஸ்பீக்கர்) தனியாக வரும் 6.5 அங்குல செட் போதும். பெட்டியில் 300 வாட் என்று போட்டிருப்பதைப் பார்க்காதீர்கள். எஞ்சின் ஓடும்போது காரில் இருப்பது சுமார் 14.4 வோல்ட். தனி ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) இல்லாத சாதாரண பிளேயர், அதன் முகப்பில் 50 வாட் என்று எழுதியிருந்தாலும், அந்த வோல்ட்டில் 4 ஓம் ஸ்பீக்கருக்கு 26 வாட்டுக்கு மேல் சுத்தமாகக் கொடுக்கவே முடியாது. கணக்கு அப்படி. நடைமுறையில் 20 கிடைத்தால் நல்லது. அதனால் நீங்கள் பார்க்க வேண்டியது சென்சிட்டிவிட்டி, அதாவது ஒரே வாட்டில் எவ்வளவு சத்தம் வரும் என்பது. 3 டெசிபல் கூடுதலாக இருந்தால் பாதி வாட்டில் அதே சத்தம் வரும். 86 டெசிபல் ஸ்பீக்கருக்கு 20 வாட் திணறும், 92 டெசிபல் ஸ்பீக்கருக்கு அதே 20 தாராளம். பின் ஸ்பீக்கரைத் தொடவே வேண்டாம், சத்தத்தை முன்னும் பின்னும் பங்கிடும் ஃபேடரை முன்னால் தள்ளிவிடுங்கள். முன் சீட்டில் இருப்பவருக்கு அது வேண்டியதே இல்லை.

பிளேயரில் திரையின் அளவைவிட உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் விஷயம். டைம் அலைன்மென்ட் (ஸ்பீக்கர்களின் சத்தம் ஒரே நேரத்தில் காதுக்கு வரச் செய்வது), ஹைபாஸ் ஃபில்டர் (தாழ்ந்த சத்தத்தை வெட்டுவது), பத்துக்குக் குறையாத பட்டைகள் உள்ள ஈக்வலைசர் (ஒவ்வொரு பட்டைச் சத்தத்தையும் தனியே கூட்டிக் குறைப்பது), சப்வூஃபருக்கு ஒயர் செருகும் ஆர்சிஏ அவுட். பயனியர், கென்வுட் போன்ற கம்பெனிகளிலேயே இவையெல்லாம் உள்ள மாடலும் உண்டு, இல்லாத மாடலும் உண்டு. மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு மேனுவலைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள். டபுள் டின் என்ற பெரிய அளவு பிளேயர் 178 மில்லிமீட்டர் அகலம். பல டொயோட்டாவில் துளை 200, பக்கத்தில் வைக்கும் துண்டையும் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் டியூனிங். மாட்டிவிட்டு பேஸ், டிரெபிளை ஏற்றிக் கொடுத்து அனுப்பினால் அது பாதி வேலைதான். முதலில் இடம் வலம் பேலன்ஸ் நடுவில் இருக்க ஒரு குரலைக் கேளுங்கள். இடம் தெரியாமல் காருக்குள் பரவி, அடிநாதமும் மெலிந்திருந்தால் ஒரு பக்கத்து ஒயர் பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் ஈக்வலைசரைத் தொடாதீர்கள். பிறகு ஹைபாஸ். 80 ஹெர்ட்ஸில் வைத்தால் கதவு ஸ்பீக்கர் தன்னால் முடியாததைத் தூக்கிச் சுமக்காது. தொப்பியில் வரும் கும்கி நாதம் மெலிந்ததாகத் தோன்றினால் 60க்கு இறக்கிப் பாருங்கள்.

டைம் அலைன்மென்ட்தான் எனக்குப் பிடித்த வேலை, இதில் நிதானமாக உட்காருங்கள். நம் ஊரில் டிரைவர் வலதுபக்கம். வலக்கதவு ஸ்பீக்கர் காதுக்குக் கிட்டே, இடக்கதவு தூரத்தில். அளவுநாடாவால் தலை இருக்கும் இடத்திலிருந்து அளந்து பாருங்கள். வலது 95 சென்டிமீட்டர், இடது 140 என்று வந்தால் வித்தியாசம் 45. ஒலி வினாடிக்குச் சுமார் 345 மீட்டர் போகிறது, அதாவது ஒரு மில்லிசெகண்டில் 34.5 சென்டிமீட்டர். ஆக, வலது ஸ்பீக்கரை 1.3 மில்லிசெகண்ட் தாமதப்படுத்த வேண்டும். சில பிளேயரில் சென்டிமீட்டரையே கொடுத்தால் போதும், அதுவே கணக்குப் போட்டுக்கொள்ளும். சரிபார்க்க ஒலி 96.8இல் செய்தி வரும் நேரம் உட்காருங்கள். அதுவரை வலது கதவிலிருந்து பேசிய செய்தி வாசிப்பாளர், எழுந்து வந்து டாஷ்போர்டின் நடுவில் உட்கார்ந்து பேசுவார். குரல் இன்னும் வலதுபக்கம் சாய்ந்தால் 0.1 0.1 ஆகக் கூட்டுங்கள். எண் வழிகாட்டி மட்டும்தான், முடிவு காதுடையது.

ஈக்வலைசர் கடைசியில்தான். லவுட்னஸ், பேஸ் பூஸ்ட் எல்லாம் அணைத்துவிட்டு, கூட்டுவதற்குப் பதில் குறைத்துப் பழகுங்கள். நாதஸ்வரம் காதைக் குத்தினால் 2.5 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை 2, 3 டெசிபல் இறக்குங்கள். முன் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் சத்தம் அந்த இடத்தில்தான் கூர்மையாகும். வண்டியை நிறுத்திவிட்டு எஞ்சினை ஓடவிடுவது இங்கே குற்றம், அதனால் சாவியை ஏசிசியில் (எஞ்சின் ஓடாமல் பிளேயர் மட்டும் ஓடும் நிலை) வைத்துச் செய்யுங்கள், பேட்டரி இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜூரோங்_கதிர்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஆம்ப் போட்டதிலிருந்து எனக்கு ஒரு விசில் சத்தம், ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் கூடவே ஏறுகிறது.

உபி_செல்வம்:

கதிர், அது எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்து வருகிறது. ஆம்பின் கிரவுண்ட் ஒயர் எங்கே முறுக்கியிருக்கிறது என்று பாருங்கள். பெயின்ட்டைச் சுரண்டி வெறும் தகட்டில் இருக்க வேண்டும், ஒயரும் குட்டையாக இருக்க வேண்டும். பவர் ஒயர் வண்டியின் ஒரு பக்கமும் ஆர்சிஏ ஒயர் மறுபக்கமும் போகட்டும். பேட்டரி பக்கத்திலேயே ஃபியூஸ் இருக்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள். இல்லையென்றால் இன்றே போடுங்கள், அது சத்தத்துக்கு அல்ல, தீப்பிடிக்காமல் இருக்க.

யீஷூன்_ரவி:

செல்வம் அண்ணே, மிக்க நன்றி. 2029க்குள் வண்டி போய்விடும் என்பதால் கதவு வேலைக்குச் செலவழிப்பது வீணா? சப்வூஃபர் இப்போதே வேண்டுமா? கைப்பேசியை புளூடூத்தில் விடலாமா, ஒயர் போடவா?

உபி_செல்வம்:

கதவில் ஒட்டிய ஷீட் மட்டும்தான் வண்டியோடு போகும். பிளேயர், ஸ்பீக்கர், டுவீட்டர் எல்லாம் கழன்று அடுத்த வண்டிக்கு வரும். அதனால் ஒயரை வெட்டி ஒட்ட விடாதீர்கள், டொயோட்டாவுக்கான சாக்கெட் ஒயர் செட் தனியாகக் கிடைக்கிறது, அதைப் போட்டுத் தரச் சொல்லுங்கள். பழைய பிளேயரையும் ஸ்பீக்கரையும் கடையில் விட்டுவராமல் வீட்டில் எடுத்து வையுங்கள்.

800 வெள்ளியில் பாதி கதவுக்கும் முன் ஸ்பீக்கருக்கும், மீதி பிளேயருக்கும் மாட்டுக்கூலிக்கும். சப்வூஃபர் இப்போது வேண்டாம். கதவு சரியான பிறகு ஒரு மாதம் ஓட்டுங்கள், விரைவுச்சாலையில் அடிநாதம் இன்னும் போதவில்லை என்றால் மீனா சொன்ன சீட்டடிப் பெட்டி உங்களுக்கும் பொருந்தும். கைப்பேசிக்கு ஒயர்தான். புளூடூத் பாட்டைச் சுருக்கி அனுப்புகிறது, ஜால்ராவும் தம்புராவும் அதில்தான் முதலில் மங்கும்.