உழைப்புச் சான்றில் கையெழுத்திட்ட நாள்: மறக்க முடியாத அனுபவம் உண்டா?

துறை நிர்வாகி

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில், ஒரு துறையின் கூட்டாட்சி அரசு தரும் ஆய்வு மானியங்களின் கணக்குகளைப் பதினோரு ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். மானியத்தில் சம்பளம் பெறும் ஒருவரின் உழைப்பில் எத்தனை சதவீதம் எந்தத் திட்டத்துக்குப் போனது என்பதைக் கையெழுத்திட்டு உறுதிசெய்வதுதான் எஃபர்ட் சான்று, அதாவது உழைப்புச் சான்று. இனி நேரே நடந்ததைச் சொல்கிறேன். வசந்தப் பருவச் சான்றுகளுக்கான கடைசி நாளன்று, எங்கள் பேராசிரியர் ஒருவர் விமான நிலையத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவருடைய குழுவினர் ஒன்பது பேரின் சான்றுகள் நிலுவையில் இருந்தன. பயணப்பெட்டியின் கைப்பிடியை விடாமலேயே என் மேசையருகில் நின்று, மறு கையால் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பி, ஒன்பதையும் இரண்டே நிமிடங்களில் உறுதிசெய்தார். ஏழாவது சான்று, பிப்ரவரி நடுவிலேயே வேறொரு திட்டத்துக்கு மாறிவிட்ட முதுமுனைவர் ஆய்வாளருடையது. சம்பளப் பகிர்வை மாற்றும் படிவத்தை யாரும் அனுப்பாததால், பழைய திட்டத்தில் பருவம் முழுவதும் 60 சதவீதம் என்றே திரை காட்டியது. "சார், ஏழாவதை மட்டும் ஒருமுறை பாருங்கள்" என்று தொடங்கினேன். "நீங்கள் பார்த்துத்தானே வைத்திருப்பீர்கள்?" என்று கேட்டுவிட்டு அவர் போய்விட்டார்.

பிறகு செலவு மாற்றம் போட்டு, அதாவது தவறான திட்டத்தில் ஏறிய சம்பளத்தைச் சரியான திட்டத்துக்கு மாற்றி, சான்றைத் திரும்பத் திறந்து திருத்தினோம். பணம் தவறான கணக்கில் நிற்கவில்லை. ஆயினும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. வேலையை நேரில் அறிந்தவர் என்பதற்காகத்தான் அவரிடம் கையெழுத்துக் கேட்கிறோம். அவரோ நான் பார்த்திருப்பேன் என்று நம்பிக் கையெழுத்திடுகிறார், நானோ அந்தக் கையெழுத்தை நம்பிக் கணக்கை மூடுகிறேன்.

பேராசிரியர், பொறியியல்

விமானத்துக்கு ஓடியவரை எல்லோரும் சேர்ந்து குற்றவாளி ஆக்குவதற்கு முன்பு, அவரிடம் கேட்கப்படுவது என்ன என்பதையும் பார்க்க வேண்டும். சதவீதம் என்பது 40 மணி நேர வாரத்தின் பங்கு அன்று. ஒருவர் வாரத்துக்கு 60 மணி நேரம் உழைத்தால் அந்த 60 மணி நேரமே அவருடைய 100 சதவீதம்; அதில் 15 மணி நேரம் ஒரு திட்டத்துக்குப் போனால் அது 25 சதவீதம். நேற்றுப் பிற்பகல் ஒரு மாணவிக்கு நுண்ணோக்கியைக் கையாளக் கற்றுக்கொடுத்தபடியே ஒரு திட்டத்தின் தரவைச் சேகரித்தேன், இடையில் இன்னொரு திட்டத்தின் மாதிரியையும் பார்த்தேன். இது கற்பித்தலா, முதல் திட்டமா, இரண்டாவது திட்டமா? 2014 டிசம்பர் 26 முதல் நடைமுறைக்கு வந்த, கூட்டாட்சி மானியங்களுக்கான சீர்விதிகளின் 200.430ஆம் பிரிவே, கற்பித்தலும் ஆய்வும் நிர்வாகமும் கல்விச் சூழலில் பிரிக்க முடியாதபடி பின்னிக் கிடக்கின்றன என்று ஒப்புக்கொள்கிறது.

என்னை உறுத்துவது ஒரு ஜூலை மாதம். கோடைச் சம்பளத்தை 100 சதவீதம் ஒரே மானியத்திலிருந்து பெற்றுக்கொண்டு, இரவுகளில் புதிய மானியத்துக்கான விண்ணப்பத்தை எழுதிக்கொண்டிருந்தேன். அந்த வேலையை நடப்பு மானியத்தில் ஏற்ற முடியாது. கோடையில் முழு நேரமும் மானிய வேலைதான் என்று ஆய்வாளர்கள் சிலர் சான்றளித்ததும் சேர்ந்த ஒரு விவகாரத்தில், யேல் பல்கலைக்கழகம் 2008இல் 76 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது நினைவுக்கு வந்தது. மறுநாள் அலுவலகத்துக்குப் போய், என் சம்பளத்தை 90 சதவீதமாகக் குறைக்கச் சொன்னேன். கணக்கர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "குறைக்கச் சொல்லி இதுவரை யாரும் வந்ததில்லை, எந்தப் படிவம் என்று தேட வேண்டும்" என்றார். வேடிக்கை என்னவென்றால், அந்த 10 சதவீதமும் என் ஊகம்தான்.

ஆய்வக உதவியாளர்

நான் எலிகளைப் பராமரிப்பவன். இரண்டு மானியங்களின் எலிகளும் ஒரே அறையில், ஒரே அடுக்கில் இருக்கின்றன. என் சான்றில் முதல் மானியம் 70 சதவீதம், இரண்டாவது 30 சதவீதம் என்று இருந்தது. கோடையில் முதல் மானியத்தின் கூண்டுகள் பாதியாகக் குறைந்த பின்பும் அதே எண்கள் வந்ததால் மேற்பார்வையாளரிடம் கேட்டேன். "வரவுசெலவுத் திட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது" என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் எனக்குச் சங்கடம். அன்று கூண்டு அட்டைகளை நான் எண்ணினேன்: முதல் மானியத்துக்கு 22, இரண்டாவதற்கு 41.

முன்னாள் உள்தணிக்கையாளர்

என் அனுபவம் சிறியது. ஒருவர் ஒரு திட்டத்தில் முழு நேரம் உழைத்ததாகச் சான்றளித்த அதே மாதத்தில், வேறொரு திட்டத்தின் கணக்கில் இரண்டு வார வெளியூர்ப் பயணச் செலவைக் கேட்டிருந்தார். இரண்டு தாள்களையும் அருகருகே வைத்தேன். அவர் நெடுநேரம் பேசவே இல்லை.

அதைவிட, மேலே எழுதியவர்களுக்குச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். உதவியாளர் தம்பி, உங்கள் மேற்பார்வையாளர் சொன்னது செல்லாது: முன்மதிப்பீட்டு எண்களை இடைக்காலத்தில் பயன்படுத்தலாமே தவிர, நடந்த வேலையோடு ஒப்பிட்டு, வேறுபாடு இருந்தால் பிற்பாடு திருத்தியாக வேண்டும், முன்மதிப்பீடு மட்டுமே செலவுக்கு ஆதாரம் ஆகாது. அந்தக் கூண்டு எண்ணிக்கையைத் தேதியிட்டு எழுதி வையுங்கள், அதைவிட நல்ல ஆதாரத்தை நான் பார்த்ததில்லை. பேராசிரியர் அவர்களே, பின்னிக் கிடக்கிறது என்று விதி சொல்வது துல்லியத்துக்குத் தரும் சலுகை, நினைவின்மைக்குத் தரும் சலுகை அன்று. நியாயமான மதிப்பீடு போதும், ஆனால் அதைச் செய்தவர் எதை வைத்து மதிப்பிட்டார் என்பதைச் சொல்ல வேண்டும். நிர்வாகி அம்மா, பருவ இறுதிவரை காத்திருக்காமல் மாதம் ஒருமுறை, யார் எந்தத் திட்டத்தில் சம்பளம் பெறுகிறார்கள் என்ற ஒரு பக்கப் பட்டியலை, திட்டத்துக்குப் பொறுப்பான முதன்மை ஆய்வாளருக்கு அனுப்புங்கள். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் (NIH) மானியங்களில், தவறு தெரிந்த 90 நாட்களுக்குள் செலவு மாற்றம் முடிய வேண்டும் என்பதே எதிர்பார்ப்பு. தாமதமான ஒவ்வொரு மாற்றமும் தணிக்கையாளரின் கண்ணில் முதலில் படும். முதன்மை ஆய்வாளரே தம் உழைப்பை ஒப்புக்கொண்ட அளவிலிருந்து 25 சதவீதம் குறைத்தாலோ, மூன்று மாதங்களுக்கு மேல் திட்டத்திலிருந்து விலகியிருந்தாலோ மானியம் தரும் அமைப்பின் முன் அனுமதி தேவை என்பதையும் பலர் மறக்கிறார்கள்.

துறை நிர்வாகி

ஐயா, அறிவுரைக்கு நன்றி. நான் கேட்டது அனுபவத்தை. மாதப் பட்டியல் நான்கு ஆண்டுகளாக என்னிடமிருந்து போகிறது. பதில் அனுப்புபவர்கள் மூவர். மேலும், பேராசிரியர் சொன்ன 2014ஆம் ஆண்டுச் சீர்விதிகள் வந்தபோது சான்று என்ற கட்டாயமே நீங்கியது. சம்பளக் கணக்கைச் சரிபார்க்கும் பல்கலைக்கழகத்தின் உள் கட்டுப்பாட்டு முறை வலுவாக இருந்தால் போதும் என்றார்கள். அதற்கு முன்பே, 2011இல், நான்கு பல்கலைக்கழகங்கள் ஆளுக்கு ஒரு சான்று என்பதை விட்டு, ஒரு திட்டத்தில் ஏறிய சம்பளங்களை மொத்தமாக ஒரே தாளில் உறுதிசெய்யும் முறையை முன்னோடியாகச் சோதிக்கத் தொடங்கின. எங்கள் பல்கலைக்கழகம் இரண்டையும் அறிந்துகொண்டுதான் பழைய சான்றையே வைத்துக்கொண்டிருக்கிறது. பழகிய பயம் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

மருத்துவ ஆய்வாளர்

ஆய்வாளராக வளர்வதற்கான நேரத்தை ஒதுக்கித் தரும் தொழில்வளர்ச்சி மானியம் பெறுபவன் நான். அதன் நிபந்தனைப்படி என் உழைப்பில் 75 சதவீதம் ஆய்வுக்கும் பயிற்சிக்கும் ஒதுக்கப்பட வேண்டும். சென்ற பருவத்தில் சக மருத்துவர் ஒருவர் நீண்ட விடுப்பில் போனார். "இரண்டு வாரத்துக்கு மட்டும்" என்று துறைத் தலைவர் கேட்டார், ஒப்புக்கொண்டேன். இரண்டு வாரம் ஏழு வாரம் ஆயிற்று.

சான்று நேற்று வந்தது. 75 என்ற எண் முன்பே நிரப்பப்பட்டிருந்தது. அதன் கீழே ஒரே ஒரு பொத்தான். அந்த ஏழு வாரங்களின் புறநோயாளர் பணிப்பட்டியலை மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துப் பார்த்தேன்: வாரத்துக்கு நான்கு நாட்கள், என் கையெழுத்திலேயே. திருத்தம் கோரினால் துறைத் தலைவருக்கும் தகவல் போகும் என்று எங்கள் துறையின் நிர்வாகி சொல்கிறார். கெடு வெள்ளிக்கிழமை. இன்னும் பொத்தானை அழுத்தவில்லை.