பரணிலிருந்து இறங்கியவை

போகி வந்தால் எங்கள் வீட்டில் ஒட்டடை அடிப்பதோடு வேலை முடிந்துவிடும். பரணில் யாரும் கை வைப்பதில்லை. திருச்சியில் என் மாமனார் 1978இல் கட்டிய வீடு இது. சமையலறையில் தொடங்கிப் பின்கட்டு வரை நீளும் பரண். மருமகளாக வந்த பத்தொன்பது ஆண்டுகளில் அதன் உள்மூலையை நான் பார்த்ததே கிடையாது. மூன்று ஆண்டுகளுக்கு முன், அத்தை தன் மகளோடு இருக்கக் கோவை போயிருந்த பத்து நாளில், அதை ஒழித்தே தீருவது என்று ஏணியில் ஏறினேன்.

முதல் இரண்டு நாளும் அத்தனை மகிழ்ச்சியாக இருந்தது. ஓடாத டேபிள் ஃபேன், டிவி வந்த அட்டைப்பெட்டி, அதற்குள் உதிரும் தெர்மாகோல், காலி ஹார்லிக்ஸ் பாட்டில்கள், கல்யாண வீடுகளில் தேங்காய் போட்டுக் கொடுத்த மஞ்சள் பைகள் மட்டும் ஒரு மூட்டை. இவற்றைக் கழித்ததில் எனக்கு இன்றும் வருத்தம் இல்லை. மூன்றாம் நாள்தான் தவறு செய்தேன். ஈயப்பூச்சு போய்க் கறுத்துக் கிடந்த பித்தளை அடுக்கு, இரண்டு தவலை, பிடி ஆடிக்கொண்டிருந்த ஒரு கூஜா, எல்லாவற்றையும் காயலான் கடைக்காரரை வரச்சொல்லி எடைக்குப் போட்டேன். வந்த பணத்தில் ஒரே அளவில் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாக்கள் வாங்கி வரிசையாக அடுக்கினேன்.

அத்தை வந்தார். அண்ணாந்து பார்த்துவிட்டு, "பளிச்சென்று இருக்கிறதம்மா" என்றார். இரண்டு நாள் கழித்து, வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார்: "அந்தக் கூஜாவை எங்கே வைத்தாய்?"

சொன்னேன். அவர் ஒரு வார்த்தையும் கடிந்து பேசவில்லை. தலைப்பிரசவம் முடிந்து கைக்குழந்தையோடு தஞ்சாவூரிலிருந்து ரயிலேறியபோது, அவருடைய அம்மா வெந்நீர் ஊற்றிக் கையில் கொடுத்த கூஜாவாம் அது. அந்தக் குழந்தைதான் என் கணவர். அம்மா கையால் கடைசியாக வாங்கிய பொருள் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. மறுநாள் காலை கடை திறக்கும் முன்பே போய் நின்றேன். பித்தளையெல்லாம் பட்டறைக்கு உருக்கப் போய்விட்டது என்றார் கடைக்காரர். அடுக்கில் இரண்டு பாத்திரம் மட்டும் மீந்திருந்தன. கொடுத்ததைப் போல் ஒன்றரை மடங்கு விலை கொடுத்துத் திரும்ப வாங்கி வந்தேன்.

அதற்குப் பிறகு ஓராண்டு நான் எந்த அலமாரியையும் திறக்கவில்லை. பிறகு அத்தையே தொடங்கினார். மதியச் சாப்பாடு முடிந்ததும் ஒரு டிரங்குப் பெட்டி, அவ்வளவுதான் ஒரு நாள் கணக்கு. கூடத்தில் பாயை விரித்து, ஒவ்வொரு பாத்திரமாக என் கையில் கொடுப்பார். எவர்சில்வர் தட்டின் விளிம்பில் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும் பெயரை நான் படிக்க வேண்டும். யார், எந்த விசேஷத்துக்குக் கொடுத்தது என்று அவர் சொல்வார். பல பெயர்களை நான் முதன்முறையாகக் கேட்டேன். சொல்லி முடித்த பின் அவரே, "போதும், இதைக் கொடுத்துவிடலாம்" என்பார். நான் தயங்கியவற்றைக்கூட அவர் எளிதாக விட்டார். மாமனாரின் அறுபதாம் கல்யாணத்துக்கு வாங்கிய பெரிய அண்டாவை, ஆடி மாதம் கூழ் ஊற்றும் தெருக்கோயிலுக்கு அனுப்பினார். இப்போது பரணில் பாதிக்கு மேல் காலியிடம். காலையில் எழுந்து சமையலறைக்குள் நுழையும்போது, எதையோ செய்யாமல் விட்டிருக்கிறோம் என்று முன்பெல்லாம் நெஞ்சில் ஓர் அழுத்தம் இருக்கும். அது இல்லை.

* * *

திருச்சிப் பரண் கதையைப் படித்துவிட்டுச் சென்னையிலிருந்து எழுதுகிறேன். உங்கள் அத்தைக்கு என் வணக்கம். எங்கள் வீட்டை ஒழித்தது தண்ணீர்.

2015 டிசம்பர் முதல் வாரம், சென்னையில் அடையாற்றங்கரைக்குப் பக்கத்தில் தரைத்தள வீடு. மொட்டை மாடியில் இரவுகளைக் கழித்துவிட்டு, மூன்றாம் நாள் கீழே இறங்கினோம். மெத்தை, பீரோவில் இருந்த துணி, புத்தகம் எல்லாம் ஒரே சேறு. தெரு முழுக்க எல்லா வீட்டு மெத்தைகளும் மலைபோல் குவிந்திருந்தன. வீட்டுப் பத்திரம், என் பள்ளிச் சான்றிதழ், ரேஷன் அட்டை, அம்மா முப்பது ஆண்டுகளாகச் சேர்த்துவந்த மின்கட்டண ரசீதுகள், எல்லாம் கட்டிலுக்கு அடியில் ஒரே சூட்கேசில் இருந்தன. ஆவணங்களை இழந்தவர்களுக்காக அரசு நடத்திய சிறப்பு முகாமில் வரிசையில் நின்றபோதுதான், எது தேவையான காகிதம், எது தேவையற்றது என்று ஒருநாளாவது பிரித்து வைத்திருக்கலாமே என்று மனம் நொந்தது.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். போன பொருள்களில் பெரும்பாலானவற்றை அம்மா பிறகு ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அப்பா கைப்பட எழுதிய வரவு செலவு டைரிகளை மட்டும் இன்னும் கேட்கிறார். பால் கணக்கும் மளிகைக் கணக்கும்தான் அவற்றில் இருந்தன. நானாக ஒழித்திருந்தால் முதலில் அவற்றைத்தான் எடைக்குப் போட்டிருப்பேன்.

இப்போது பத்திரங்கள் அலமாரியின் மேல்தட்டில், தண்ணீர் புகாத உறையில் இருக்கின்றன. நகல் தம்பி வீட்டில். கட்டிலுக்கு அடியில் எதுவும் கிடையாது. துடைப்பம் தடையில்லாமல் போய் வருகிறது.

* * *

நான் மதுரையில் ஓய்வுபெற்ற ஆசிரியர். நீங்கள் இருவரும் எழுதியதைப் படித்தேன். வீட்டில் உள்ளவர்களைக் கேட்டுவிட்டுத்தான் பொருளைக் கழிக்க வேண்டும் என்பதை ஏற்கிறேன். என் அனுபவம் கொஞ்சம் வேறு. வார இதழ்களில் வந்த தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து, பைண்டு செய்த தொகுதிகள் எழுபதுக்கும் மேல் என்னிடம் இருந்தன. பிள்ளைகள் இருவரிடமும் கேட்டேன். இருவரும் "இருக்கட்டும் அப்பா, வையுங்கள்" என்றார்கள். எடுத்துப் போகவும் இல்லை. ஆறு ஆண்டுகள் அப்படியே போயின. ஒருநாள் ஒரு தொகுதியைத் திறந்தால், இராமபாணப் பூச்சி நடுப்பக்கங்களைச் சல்லடையாக்கியிருந்தது. அந்த வலியை எழுதத் தெரியவில்லை.

ஆகவே கேட்பதோடு ஒரு தவணையும் வையுங்கள். அடுத்த பொங்கலுக்குள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். மகள் நான்கு தொகுதிகள் எடுத்துப்போனாள். எனக்கென்று பன்னிரண்டு. மிச்சத்தில் பூச்சி தொடாதவற்றைப் படிக்க ஆசைப்பட்டு வந்த ஓர் இளைஞரிடம் கொடுத்தேன். என் மனைவி அந்த அலமாரிக்குப் பதிலாக ஒரு சாய்வு நாற்காலியைப் போட்டுவிட்டார். நான்கு மணிக்கு அங்கே நல்ல காற்று வருகிறது.

* * *

திருச்சியிலிருந்து மீண்டும் நான், பரண் கதை எழுதியவள். அதைப் படித்துவிட்டு, கண்ணாடி உடைந்த சாமி படங்களை என்ன செய்வது என்று தனியாகக் கேட்டிருந்தார் ஒருவர். பலர் கோயில் அரசமரத்தடியில் வைத்துவிட்டுப் போகிறார்கள். மழையில் நனைந்து, நாய் மிதித்துக் கிடக்கும் அந்தப் படங்களைப் பார்க்க எனக்குப் பொறுக்காது. நாங்கள் சட்டத்தையும் கண்ணாடியையும் கழற்றினோம். நிறம் நன்றாக இருந்த மூன்று படங்களுக்குப் புதுச் சட்டம் போட்டோம். மங்கிப்போன காகிதத்தை ஊறவைத்துக் கரைத்து, முருங்கை மரத்தடி மண்ணில் சேர்த்தார் அத்தை. போகித் தீயில் போட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு மூச்சிரைப்பு உண்டு.

முன்பு சொல்ல விட்டுப்போனது ஒன்று. பெட்டிகளைப் பார்த்து முடித்த கடைசி நாளில், பரணின் சுவரோரம் இருந்த பொந்தில் கூஜாவின் திருகு மூடி கிடைத்தது. நான் புளி போட்டுத் தேய்த்துக் கொடுத்தேன். அத்தை அதைக் கவிழ்த்தும் நிமிர்த்தியும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது பூஜை மாடத்தில் விளக்குத்திரிகளை அதில்தான் போட்டு வைத்திருக்கிறார்.